அக்கான்னு கூப்பிட்டவன்

போன்ல ஏதோ ஆர்டர் போட்டுட்டு இருந்தீங்கல்ல, பார்த்துட்டேனுங்க. எட்டிப் பார்க்கோணும்னு பார்க்கலீங்க. பக்கத்துச் சீட்டு, கண்ணுல பட்டுருச்சு. போடுங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க இங்க விரல்ல ஒரு தட்டுத் தட்டறீங்கல்ல, அங்க எவுங்கூட்டுலயோ ஒரு மணி அடிக்கும். எங்கூட்டுல அடிச்சுதுங்க. சோத்துல கை வெக்கறப்ப அடிக்கும். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தா அடிக்கும். அவ அப்படியே எந்திரிச்சுப் போயிருவா. நான் சொல்ல வந்தது வாயிலயே கெடக்கும்.

அந்தியூருக்குங்களா? நானும் அங்கதானுங்க போறேன். போய்ச் சேர இன்னும் நேரம் இருக்குது. பருவாச்சியே வரலீங்களே.

எனக்கு ஈரோடுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. மஞ்ச மண்டியில எடை போடற வேலை. என்ற சம்சாரம் கோகிலவாணி, நைட்டி தெப்பா. முன்னயெல்லாம் வீதிப் பொம்பளைங்களுக்குத் தெச்சுக் குடுத்துட்டு, குடுத்த காசை வாங்கிட்டு, செவனேன்னு இருந்தா. அவ அக்கா மக ஒருத்தி காலேஜ் படிக்கற புள்ள, லீவுக்கு வந்தவ, சித்தி நீ தெக்கறத போன்ல போட்டு விக்கலாம்னு சொல்லி, ஒரு கம்பெனியில கணக்குத் தொறந்து குடுத்துட்டுப் போயிட்டா. போட்டோல நீயே போட்டுக்கிட்டு நில்லு சித்தின்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. நான் ஒரே வார்த்தைதான் சொன்னனுங்க, ஹேங்கர்ல மாட்டி எடுன்னு. சரின்னுட்டா. அதுக்கெல்லாம் எதுத்துப் பேச மாட்டா என்ற சம்சாரம். அப்ப.

மொதல்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு போச்சு. பொறகு பார்த்தா ஒடிசாங்கறா, ராஜஸ்தான்ங்கறா. நான் பவானிய வுட்டா சென்னிமலை, சென்னிமலைய வுட்டா பழனி, அவ்வளவுதான் போயிருக்கறேன். இவ தெச்ச நைட்டி ரயிலேறிப் போகுது. வாங்கினவங்க எல்லாம் கீழ எழுதுவாங்க, நல்லாருக்குது, தையல் கெட்டியா இருக்குதுன்னு. அதை எனக்குப் படிச்சுக் காட்டுவா. நான் என்னங்க சொல்றது? அதுல ஆம்பளப் பேரும் இருக்கும். நைட்டி வாங்கற ஆம்பள எவன்னு கேட்டேன். சம்சாரத்துக்கு வாங்கிக் குடுக்கறாங்கன்னா. சொல்லிட்டு என்னைய ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வை எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.

அதெல்லாம் போகட்டும். கூத்து எல்லாம் அந்தப் பையனாலதான். மோகனசுந்தரம்னு ஒருத்தன். பையன்னா சின்னப் பையன் இல்லீங்க, முப்பது இருக்கும். கட்டி வெச்ச பார்சலை வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போற வேலை. கையில ஒரு மெசின் வெச்சிருப்பான். ஒவ்வொரு பார்சல் மேலயும் ஒட்டியிருக்கற கோடு போட்ட சீட்டுல அதைக் காட்டுனா டிக்குனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துட்டா சரக்கு நம்ம பொறுப்பு இல்லீங்க, கம்பெனி பொறுப்பு. 

நான் காலையில மண்டிக்குப் போனா பொழுது சாயத்தான் வருவேன், அதனால அவன் வர்றது போறது எனக்குத் தெரியாது. அந்த வருசம் மஞ்ச வெளைச்சல் இல்லீங்க. ஆடி மாசத்துல இருந்து மண்டியில மத்தியானத்தோட போகச் சொல்லிட்டாங்க. வீட்டுல உக்காந்து பார்த்தாத்தானுங்க தெரியுது என்ன நடக்குதுன்னு.

வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டதும் இவ மிசினை நிறுத்திருவா. நான் கூப்பிட்டா ரெண்டாந் தடவைதான் திரும்புவா, அவன் வண்டிக்கு ஒரு சத்தம் போதும். அக்கான்னு கூப்பிட்டுட்டே வருவான். இவ ‘வா தம்பி’ம்பா. மோர் குடுப்பா. அவன் நின்னுட்டே குடிச்சுட்டு, எந்த ஊருக்கு எத்தனை போகுதுன்னு படிப்பான். அக்கா இன்னைக்கு அசாமெல்லாம் போகுதக்காம்பான். இவ சிரிப்பா. பார்சல் ஒட்டற டேப்பு எங்க சல்லிசாக் கெடைக்கும்னு விசாரிச்சு, ஒரு பெட்டியே வாங்கியாந்து குடுத்தான். காசு குடுத்துட்டாளுங்க, சும்மா வாங்கல. ஆனாலும் எதுக்குங்க அவனுக்கு அந்த வேலை? நான் மண்டியில கேட்டா டேப்பு கெடைக்காதா? அவ என்கிட்டக் கேக்கவே இல்லியே.

அக்கான்னுதான கூப்பிடறான்னு நீங்க கேப்பீங்க. அக்கான்னு கூப்பிடறதுலயும் ஒரு தினுசு இருக்குதுங்க. இழுத்துக் கூப்பிடுவான். அவளுக்குக் கூடப் பொறந்த தம்பி இல்ல, அது ஒரு கொறை அவளுக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு கூப்பிடறானா இல்லியான்னு நீங்களே சொல்லுங்க. என்னைய மாமான்னான். யாருக்கு யாரு மாமான்னு கேட்டேன். அன்னையிலருந்து என்னையப் பார்த்தா சாருன்னான். அவளை மட்டும் அக்கான்னே கூப்பிட்டான்.

ஒருநாள் தக்காளி சோறு போட்டுக் குடுத்தா. காலையில இருந்து ஒண்ணும் திங்காம வந்திருக்கறான், பொண்டாட்டி மாசமா இருக்கறா, சமைக்க முடியலயாம். அவன் சாப்பிட்டுட்டு, அக்கா இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லக்கான்னான். அதே சோத்தத்தான் நானும் தின்னுட்டு இருந்தேன். எத்தனையோ வருசமாத் திங்கறேன். நான் அப்படிச் சொன்னதில்ல, சரி. சொல்லாட்டி நல்லா இல்லைன்னு அர்த்தமாங்க? திங்கறன்ல, அதுலயே தெரிய வேண்டாமா?

நான் சண்டை போடற ஆளு இல்லீங்க. சத்தம் போட்டா வீதியில நாலு பேரு என்ன பேசுவாங்க. அதனால ஒரு வேலை செஞ்சேன். அவ குளிக்கப் போயிருந்தப்ப போனை எடுத்தேன். எடுக்க வந்தவர் எப்படி நடந்துக்கிட்டாருன்னு அதுல ஒரு கேள்வி வரும். பணம் கேட்டார்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதைத் தட்டிவுட்டேன். தினமும் தட்டுனேன், ஒரு வாரம். பணம் கேட்டானான்னா கேக்கல. குடிச்ச மோரு, தின்ன சோறு எல்லாம் பணம் இல்லீங்களா? என்னைக் கேட்டா அது பொய்யில சேராது.

அவனை வேற பக்கம் மாத்திட்டாங்க. இவ ரெண்டு மூணு நாள் வாசலப் பார்த்துட்டே இருந்தா. தம்பியக் காணமேன்னா. நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். அப்பறம் நாளுக்கு ஒருத்தன் வந்தான், ஒருத்தன் மூஞ்சி அடுத்த நாள் இருக்காது. இவளும் டிக் டிக்குனு கணக்குப் பார்த்து எடுத்துக் குடுத்துட்டு உள்ள போயிருவா. வீடு வீடா இருந்துச்சுங்க. அந்தக் கொஞ்ச நாள்தான் நான் நிம்மதியாத் தூங்குனது.

தீவாளி வந்துச்சு. அப்பத்தான் ஆர்டர் கொட்டும். துணி வாங்கறதுக்கு முன்பணம் வேணுமான்னு கம்பெனியே கேக்குமுங்க, வித்தப்பறம் கழிச்சுக்குவாங்க. இவ வாங்கிட்டா. என்னைக் கேட்டு வாங்குனாளான்னா, கேட்டா. உனக்குத் தெரியாததா, நீதான் பெரிய யாவாரின்னு சொன்னேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு ராப்பகலாத் தெச்சா. எங்க முன்னறை பூராவும் பார்சல். நான் படுக்க எடமில்லாம சமையக்கட்டுல படுத்தேன்.

ஒருநாள் இவ நைட்டிக்கு வெக்கற லேசு வாங்கோணும்னு மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. பார்சல் எடுக்க வந்தா இருக்கச் சொல்லுங்க, நான் வந்துர்றேன்னுட்டுப் போனா. சித்தெ நேரத்துல ஒரு மினி வேன் வந்து நின்னுச்சு. எறங்கினாரு பாருங்க ஒரு ஆளு. அம்பது வயசு. நெத்தி நெறைய விபூதி. தொப்பை. பேச்சுக் கம்மி. அக்கா இல்லையான்னு கேக்கல, அம்மா இல்லையான்னு கேக்கல. அண்ணா பார்சல் எடுக்க வந்திருக்கறேன்னாரு, அவ்வளவுதான். எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. இப்படி ஒரு ஆளை மொதல்லயே அனுப்பியிருந்தா இத்தனை அக்கப்போரு உண்டா?

இவ வர்றதுக்குள்ள அனுப்பிரலாம்னு நெனைச்சேன். எதுக்கு வந்து வாசல்ல நிக்கோணும்? நானே தூக்கித் தூக்கிக் குடுத்தேன். மெசின் எங்கீங்கன்னு கேட்டேன். கேட்டேனுங்க, கேக்காம இல்ல. தீவாளிக் கூட்டம், சர்வர் படுத்துருச்சு, ஆபீஸ்ல போயிப் போட்டுக்கறோம்னாரு. காபி வெச்சுக் குடுத்தேன். என்ற கையால. கும்பிட்டுட்டுப் போனாரு.

இவ வந்து அறையப் பார்த்தா. யாரு எடுத்தாங்கன்னா. ஆளு வந்தாரு, குடுத்தாச்சுன்னேன். போனை எடுத்துப் பார்த்தா, ஒண்ணும் ஏறலை. அரை மணி கழிச்சு நெசமான ஆளு வந்தான், மெசினோட. இவ அப்படியே நெலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அழுகல. அழுதிருந்தா ஏதாச்சும் சொல்லித் தேத்தியிருப்பேன்.

கம்பெனிக்குப் போன் போட்டா மொதல்ல பாட்டுப் பாடுது. அப்பறம் ஒரு பொண்ணு எடுத்துச்சு, நல்லாத்தான் பேசுச்சு, பாவம். டிக் ஆகாத சரக்கு எங்க கைக்கு வரலைங்க மேடம், வராததுக்கு நாங்க என்ன செய்யறதுன்னுச்சு. வாங்கின முன்பணம் அப்படியே நிக்குது. அனுப்பாத ஒவ்வொரு ஆர்டருக்கும் அபராதம். இவ கணக்கைத் தொறந்தா, தொகைக்கு முன்னால ஒரு சின்னக் கோடு. மைனஸ். ஒண்ணேகால் லட்சத்துக்குக் கிட்ட. மஞ்சளுக்கு எடை போடறவனுங்க நான், மைனஸ்ல எதையும் எடை போட்டதில்ல. கடையையும் மூடிட்டாங்க, ஒரு பங்கு கட்டுனாத்தான் தொறப்பாங்களாம்.

எனக்கு உடனே பொறி தட்டுச்சுங்க. இது மோகனசுந்தரம் வேலை. எடத்த மாத்திவுட்டதுக்குப் பழி வாங்க ஆளு வெச்சு எடுத்துட்டான். ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போனப்ப யாரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதான்னு கேட்டாங்க. நான் பேரச் சொன்னேன். இவ வெளிய நின்னுட்டு இருந்தா, அவளுக்குத் தெரியாது.

மறுநாள் எங்களை வரச் சொன்னாங்க. போனா பெஞ்சுல அவன் உக்காந்திருக்கறான். காலையில இருந்து உக்கார வெச்சிருக்கறாங்க. இவளப் பார்த்ததும் எந்திரிச்சான். அழுவான், சண்டை போடுவான்னு பார்த்தேன். ஒண்ணுமில்ல. மெதுவாத்தான் கேட்டான்.

“அக்கா, நான் எப்பக்கா உங்ககிட்டக் காசு கேட்டேன்?”

இவளுக்குப் புரியல. என்ன தம்பின்னா.

“ஒரு வாரம் உங்க நம்பர்ல இருந்து எம்மேல புகார் போயிருக்குதுக்கா. அதுலதான் என்னைய மாத்துனாங்க. நான் கேட்டிருந்தா என் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமேக்கா.”

இவ அவனப் பார்த்தா. திரும்பி என்னையப் பார்த்தா. நான் சொவத்துல இருந்த காலண்டரப் பார்த்தேன். அப்பறம் இவ உள்ள போயி, அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்ல, அவர் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா. என்ற புகாருக்கு எதுத்து என்ற சம்சாரமே கையெழுத்துப் போடறா. நடுக் கூடத்துல. எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்கு வர்றப்ப எனக்கு முன்னால நடந்தா. எப்பவும் பின்னாலதான் வருவா.

ஸ்டேசன் வரைக்கும் போனவன்னு அவனை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. தையில அந்த விபூதிக்காரனப் புடிச்சுட்டாங்க, திருச்செங்கோட்டுப் பக்கம். நெறையப் பேருகிட்ட இதே மாதிரி எடுத்திருக்கறான். நைட்டியெல்லாம் எப்பவோ வித்துத் தீத்தாச்சு. அடையாளம் சொல்ல எங்களக் கூப்பிட்டாங்க. என்னையப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகுன மாதிரி, வாங்கண்ணான்னான். அய்யா, இந்த அண்ணன் தங்கமானவரு, காபியெல்லாம் குடுத்தாருன்னான் இன்ஸ்பெக்டர்கிட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வீட்டை எப்படிடா புடிச்சேன்னு கேட்டாங்க. தினமும் ஒரே ஆளு வர்ற வீதியில நான் போக மாட்டனுங்கய்யா, மாட்டிக்குவேன், அங்க பழைய ஆளை மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சுதான் போனேன்னான்.

திருடன் சொல்றதெல்லாம் ஒரு பேச்சாங்க? தப்பிக்க என்னமோ சொல்றான். இவ அதைப் புடிச்சுக்கிட்டா. மறுநாள் தையல் மிசினை ஒரு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு குமாரபாளையம் போயிட்டா. அவ அக்கா வீடு அங்க. சகலைக்குத் தறி ஷெட்டு, பின்னால ஒரு ரூம்பு சும்மா கெடந்துச்சு. நான் சொன்னேனுங்க, அந்த நம்பரத் தூக்கிப் போட்டுட்டு வேற நம்பர் வாங்கிக்க, கம்பெனிக்காரன் ஈரோட்டுக்கா தேடி வரப் போறான்னு. அவ சொன்னா, வாங்கினத வாங்கலைன்னு சொல்லச் சொல்றீங்களா, அது உங்களுக்கு வரும், எனக்கு வராதுன்னு. போறப்ப சொன்னது அவ்வளவுதான்.

அங்க ஒரு சட்டைக் கம்பெனியில பகல்ல தெச்சா. அந்தக் கூலியில பங்கைக் கட்டிக் கடையத் தொறந்தா. நைட்டி வித்த காசுல பாதிய கடனுக்குன்னு அவங்களே புடிச்சுக்கிட்டாங்க. நானும் மண்டிக் கூலியில கொஞ்சம் கொண்டு போயிக் குடுத்தேன். வாங்கலீங்க. ஊரான் காசு வாங்கறா, ஒடிசாக்காரன் காசு வாங்கறா, நான் குடுத்தா வேண்டாங்கறா. நான் தினமும் அவ கடைய போன்ல பார்ப்பேன். புதுசா ஒரு பச்சைப் பூப் போட்டது வந்தா இவ எப்பத் தெச்சான்னு யோசிப்பேன். கீழ எவளோ எழுதியிருப்பா, அக்கா என் பேர சொல்லி நன்றி எழுதி அனுப்பிச்சாங்கன்னு. எனக்கு என்னைக்கு எழுதினா?

இப்ப ஆவணியிலதான் கடன் தீந்துச்சு. சகலை போன் பண்ணிச் சொன்னாரு. இனி என்ன, கூட்டிட்டு வந்துரலாம்னு இன்னைக்கு வெடியால குமாரபாளையம் போனனுங்க. ஆளு மெலிஞ்சிருக்கறா. ரூம்பு பூராவும் பார்சல், ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கறா. உக்காருங்கன்னா. காபி குடுத்தா. கடன்தான் தீந்துபோச்சே, வா போலாம்னேன்.

“கம்பெனிக்கு நான் கட்டிட்டேனுங்க,” அப்படின்னா. “மோகன் தம்பிக்கு நீங்க கட்டோணும். போயி நேர்ல ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்பறமாப் பேசலாம்.”

எடுத்து வெச்ச மாதிரி சொன்னா, கோவமாக் கூட இல்ல. அவன் இப்ப அந்தியூர்ல மாமனார் வீட்டோட இருக்கறானாம், கறிக்கோழி வண்டி ஓட்டறானாம். அட்ரஸ் எல்லாம் சொல்றா. எப்படித் தெரியும்னு கேக்கலீங்க. கேக்கோணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அந்த அளவுக்கு மாறிட்டேன் பாருங்க.

மன்னிப்புக் கேக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. தெரியாம நடந்து போச்சு தம்பி, மனசுல வெச்சுக்காதேன்னா முடிஞ்சு போச்சு. அதுக்குத்தான் போயிட்டு இருக்கறேன். கேட்டுருவேன்.

கெளம்பறப்ப இவ உள்ள போயி ஒரு பொட்டணம் கொண்டாந்தா. அவனுக்குப் பொறந்தது பொம்பளப் புள்ளையாம், அதுகிட்டக் குடுங்கன்னா. பவானி பஸ் ஸ்டாண்டுல பிரிச்சுப் பார்த்தேன். பாருங்க, நீங்களும் பாருங்க. கவுனு. கையை வுட்டுப் பாருங்க, உள்பக்கமா இன்னொரு துணி வெச்சுத் தெச்சிருக்கறா, தையல் உடம்புல குத்தக் கூடாதுன்னு. கழுத்துல பொத்தான் வெக்கல, புள்ள வாயில போட்டுக்கும்னு நாடா வெச்சிருக்கறா. இதெல்லாம் யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தா? எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லீங்க. ஆசுபத்திரி, கோயிலு எல்லாம் போயி, அப்பறம் அதைப் பத்திப் பேசறதயே வுட்டுட்டோம். இருவத்திரெண்டு வருசத்துல இவ இவ்வளவு சின்னதா எதையும் தெச்சு நான் பார்த்ததில்லீங்க. 

நான் அந்த வீட்டுலதான இருந்தேன். ஒருக்கா எனக்குன்னு ஒண்ணு தெச்சுக் காட்டியிருக்கலாம். சும்மாவாச்சும்.

அந்தியூர் வந்துருச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல பழக்கடை இருக்கும், நாலு ஆப்பிள் வாங்கிக்கறேன். புள்ளையப் பார்க்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா. குடுங்க அதை இப்படி. இல்லீங்க, மடிக்க வேண்டாம், நான் மடிச்சுக்கறேன். இது என்ற பையிலயே அடியில கெடக்கட்டுமுங்க. 

அவ கேட்டா, குடுத்துட்டேன்னு சொல்லிக்குவேன்.